பதினைந்தாம் நாள் படம்

குற்றம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. ஆயுதம், ஒரு மவுஸ். செய்தவருக்கே, செய்து முடித்து ஒரு வாய் டீ உறிஞ்சுகிற வரைக்கும், என்ன செய்தோம் என்று உறைக்கவில்லை.

ஸ்டுடியோக்காரரின் கை அப்படி. இருபத்திரண்டு வருஷமாக, ஒரு முகம் திரையில் விரிந்தால் போதும், அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடும். பரு, மரு, தேமல், சவரக் கத்தி கிழித்த கோடு, தூங்காத கண்ணுக்குக் கீழே கருவளையம், எதுவானாலும் அதன் மேல் ஒரு சின்ன வட்டம் போய் உட்காரும். ஒரு தட்டு. பக்கத்துத் தோல் வந்து மூடிக்கொள்ளும். ஒரு முகத்துக்கு நாற்பது நொடி. "கண்ணாடிய விட உங்க கடைலதான் நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லி, அதற்காகவே நாலு தெரு தாண்டி வருகிறவர்கள் உண்டு.

அன்றைக்குத் திரையில் விரிந்தது அவர் மனைவியின் முகம்.

பதினோரு வருஷமாக அவளுடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அழுகை இல்லை, வலி இல்லை, சும்மா ஒழுகும். கடையில் படங்களை வெட்டுவது அவள் வேலை. ஒரு தாளில் எட்டுப் படம்; வெட்டுப் பலகையில் வைத்துக் கைப்பிடியை இறக்கினால் சரக் சரக்கென்று விழும். இடது கையில் எந்நேரமும் ஒரு கைக்குட்டை. ஒரு நொடி அசந்தால் சொட்டு விழுந்து, ஈரம் காயாத படத்தில் யாரோ ஒருவர் மூக்கு கரைந்துவிடும். "என்னக்கா, என் மூஞ்சியப் பார்த்தா அழுகையா வருது?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. தெருவில் அவளுக்குக் குழாயக்கா என்று பெயர். அவளே போனில் "குழாயக்கா பேசறேன்" என்பாள்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியிருந்தார். கண்ணீர் மூக்குக்குள் இறங்க ஒரு சின்ன வாய்க்கால் உண்டு; இவளுக்கு அது அடைத்துப் போய்விட்டது. மூக்கின் பக்கவாட்டில் ஒரு விரல் நகத்தளவு கீறி, உள்ளே எலும்பில் துளை போட்டு, புது வழி திறக்க வேண்டும்.

"தண்ணி நிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"தழும்பு தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டரம்மா அவளைப் பார்த்து, "நிக்கும்" என்றார். அவரைப் பார்த்து, "கொஞ்ச நாள் தெரியும்" என்றார்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். புது வழி மூடிவிடாமல் இருக்க, நூல் மாதிரி ஒரு ரப்பர் இழை மட்டும் கண் ஓரத்தில் கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. "குழாய்க்கே குழாய் போட்டுட்டாங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். தண்ணீர் நின்றுவிட்டது. கைக்குட்டை இல்லாத இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதல் இரண்டு நாள் அதை மேசை மேலே வைத்தும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி நாலு மணி நேரத் தூரம். அதனால் ஒரு ஏற்பாடு. பதினைந்தாம் நாள், ஒரு மாதம், மூன்று மாதம் என்று தழும்பைக் கிட்டத்தில் படம் எடுத்து போனில் அனுப்ப வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு கேள்வித்தாளும் வரும்: கண்ணீர் நின்றதா, தழும்பு தொந்தரவா, மொத்தத்தில் திருப்தியா. "உங்க வீட்டுக்காரர் போட்டோகிராபரா? எனக்கு அதிர்ஷ்டம்தான்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பதினைந்தாம் நாள் படத்தைத்தான் எடுத்தார். கடை முழுக்கக் கூட்டம். பரீட்சை விண்ணப்பத்துக்கு அறுநூறு படம் சனிக்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மூன்று தட்டு, நாலு தட்டு. பழைய பெயரிலேயே சேமித்தார். கேமராவின் மெமரி கார்டை அடுத்த வகுப்புக்காக அழித்துக் காலி செய்தார். பிறகு டீயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சி, திரையைப் பார்த்தார்.

தழும்பு இல்லை. தழும்பின் கீழ் முனையில் மிளகளவு சிவந்து புடைத்திருந்ததே, அதுவும் இல்லை.

மறுபடி எடுத்திருக்கலாம். அவள் நாலடி தூரத்தில் நின்று படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். ஆனால் திரையில் இருந்த முகம் அவருக்குப் பிடித்திருந்தது. பதினைந்து நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த முகம் அது. சாப்பிடும்போதும், அவள் தலை வாரும்போதும், கண் நேராக அந்தக் கோட்டின் மேல்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. இப்போது கண்ணுக்கு உட்கார ஒரு இடம் கிடைத்தது.

அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் நர்ஸிடமிருந்து குரல் பதிவு வந்தது. மனைவி அதைக் கடைக்கே கேட்கும்படி சத்தமாகப் போட்டாள். "அக்கா, சூப்பரா ஆறியிருக்கு! டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. ஒண்ணும் பயப்படாதீங்க, அடுத்த மாசம் பார்ப்போம்."

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி, முகமெல்லாம் பல்லாக.

"கேட்டேன்" என்றார் அவர். டீ ஆறிப்போயிருந்தது.

புதன்கிழமை மிளகு பட்டாணியானது. வானம் நாலு நாளாக மூடிக்கொண்டு, பெய்யவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் நின்றது. கடைக்குள் புழுக்கம். அவர் விளக்குக் குடையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். வெள்ளைத் திரையில் இல்லாத சுருக்கத்தை இழுத்துவிட்டார். உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "தாடைய இறக்கும்மா... இன்னும் கொஞ்சம்... இல்ல, ஏத்து" என்று சொல்லச் சொல்ல, அது, "சார், எனக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு" என்றது.

மத்தியானம் மாடியிலிருந்து அவர் அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கி வந்தாள். துணிக்கடையில் முப்பது வருஷம் கணக்கு மேசையில் இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

"ஏன்டி, மூக்கு என்ன கொழுக்குன்னு இருக்கு?"

"ஆறுது அண்ணி. ஆறும்போது அப்படித்தான் இருக்கும்."

"ஆறுற புண்ணு சிவக்குமா?"

"டாக்டரம்மாவே படத்தப் பார்த்துட்டு நல்லாருக்குன்னுட்டாங்க. உங்க தம்பி எடுத்த படம். அதுல தெரியாததா நேர்ல தெரிஞ்சிடப் போகுது?"

ஸ்டுடியோக்காரர் வாயில் வைத்த சோறு அங்கேயே நின்றது.

"டேய் தம்பி, நீ என்ன சொல்ற?"

"எதுக்கும்... ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாம்னு..."

"சனிக்கிழமைக்கு அறுநூறு படம்!" என்றாள் மனைவி. "நாலு மணி நேரம் போய், நாலு மணி நேரம் வந்து, 'நல்லாருக்கு, போங்க'ன்னு கேட்டுட்டு வரவா? அத அவங்கதான் ஏற்கெனவே போன்ல சொல்லிட்டாங்களே."

"வா, இன்னொரு படமாவது எடுத்து அனுப்பிடலாம்."

"உங்களுக்கு வேலை இல்லைன்னா எனக்குமா இல்ல? தழும்பு தழும்புன்னு அதையே மொறைச்சுப் பார்த்துக்கிட்டு. உட்காருங்க, அந்த முட்டையச் சாப்பிடுங்க."

வியாழக்கிழமை அவர் கடைக்கு வெளியே போய், இஸ்திரிக் கடை நிழலில் நின்று, நர்ஸுக்குப் போன் போட்டார்.

"கொஞ்சம் வீங்கின மாதிரி தெரியுதும்மா."

"வீக்கமா? பதினஞ்சாம் நாள் படத்துல கண்ணாடி மாதிரி இருந்துச்சே சார். சிவப்பு இருந்துச்சா அப்ப?"

இதுதான் சமயம். சொல்லிவிடலாம். ஒரே வரி. இஸ்திரிக்காரர் கரி விசிறிக்கொண்டு இவரையே பார்த்தார்.

"அப்ப... அவ்வளவா தெரியல."

"அப்ப சளியா இருக்கும். மூக்கச் சிந்த வேணாம்னு சொல்லுங்க. சந்தேகமா இருந்தா நேர்ல கூட்டிட்டு வாங்க சார், போன்ல எவ்வளவு தெரியும்?"

போனை வைத்தார். பக்கத்துத் தோல் வந்து மூடிக்கொள்ள, பேச்சுக்கு அப்படி ஒரு வட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் இடது கண் மறுபடி ஒழுகத் தொடங்கியது. துவைத்து மடித்து அலமாரியில் அடியில் வைத்திருந்த கைக்குட்டைகளில் ஒன்றை உருவி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் வெட்டுப் பலகைக்குக் குனியும்போதெல்லாம் வலியில் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கேட்காமலே சொன்னாள்.

பதினோரு மணிக்குக் கடை வாசலில் ஒரு சத்தம். போன வாரம் உரிமம் புதுப்பிக்கப் படம் எடுத்துப்போன லாரி டிரைவர். ஆள் வாசல் நிறைய நின்றார்.

"யாருய்யா போட்டோ எடுத்தது?"

"நான்தான். என்ன விஷயம்?"

"என் தழும்பு எங்க?"

"என்ன தழும்பு?"

டிரைவர் தன் இடது புருவத்தைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார். புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. "அங்க அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இருபது வருஷமா இதத்தான் எழுதிட்டு வரேன். ஆபீசர் படத்தப் பார்க்கறான், என்னைப் பார்க்கறான். 'இது உன் தம்பியா?'ங்கறான். மூணு மணி நேரம் வரிசைல நின்னு, விரட்டி விட்டுட்டான்யா! நான் சினிமாவுலயா நடிக்கப் போறேன்? லாரி ஓட்டப் போறேன். மரியாதையா என் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மனைவிக்கும் சிரிப்பு வந்தது. வாய் விட்டுச் சிரிக்கப் போனவள், பாதியில் "ஆ" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கைக்குட்டையை எடுத்தபோது அதில் மஞ்சளாக ஒரு பொட்டு.

அவர் டிரைவரை மறுபடி உட்கார வைத்தார். படம் எடுத்தார். திரையில் முகம் விரிந்தது. கை போயிற்று, வட்டம் புருவத்தின் மேல் உட்கார்ந்தது. வலது கையை இடது கையால் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அப்படியே தொடாமல் அச்செடுத்துக் கொடுத்தார். டிரைவர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ம், இது நான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நம்ம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"மறுபடியுமா? அவங்கதான் படத்தப் பார்த்து..."

"அவங்க பார்த்தது உன் மூஞ்சி இல்ல."

அவள் கைப்பிடியை உயர்த்தியபடி நின்றாள்.

"நான் அத எடுத்துட்டேன். தழும்ப. அந்தச் சிவப்பையும். சுத்தமா எடுத்துட்டுத்தான் அனுப்பினேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கைப்பிடி இறங்கியது. சரக். சரக். அந்தத் தாளில் மீதியிருந்த ஆறு படத்தையும் அவள் வெட்டி, தட்டி அடுக்கி, உறையில் போட்டு, மேலே வகுப்பின் பெயரை எழுதினாள். அவர் அவ்வளவு நேரமும் நின்றார். பிறகு அவள் வாசலைப் பார்த்து, "அண்ணி!" என்று குரல் கொடுத்தாள். மாடியிலிருந்து பதில் வந்தது. "கீழ வந்து கடையப் பார்த்துக்குங்க. மிச்சத்த வெட்டிப் போடுங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அக்கா இறங்கி வந்து இரண்டு முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். அவர் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வழியாக மழை பிடித்தது. கண்ணாடி மூடியும் இடுக்கில் சாரல் வந்தது.

"தெரியாமத்தான்மா பண்ணிட்டேன். கை பழக்கம். அதுவா போயிடுது."

"ம்."

"சத்தியமா. டீ குடிக்கும்போதுதான் பார்த்தேன்."

அவள் திரும்பினாள். "பார்த்தீங்க இல்ல? அப்புறம் அனுப்பினது எந்தக் கை?"

அவர் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சது கைன்னே வச்சுக்குவோம். அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முன் இருக்கைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் குரலை இறக்கினார். "நல்லா இருந்துச்சு. அந்தப் படத்துல நீ... பழைய மாதிரி இருந்த."

"பழைய மாதிரின்னா? பதினோரு வருஷம் ஒழுகிட்டிருந்தேனே, அந்த மாதிரியா? அப்ப எந்த வட்டத்தப் போட்டு எடுத்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதையும்தான் எடுத்தேன்."

"எதை?"

"வீட்ல மாட்டியிருக்கற படம் எல்லாத்துலயும். கன்னத்துல ஈரம் பளபளன்னு இருக்கும். எல்லாத்தையும் துடைச்சுட்டேன்."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ துடித்தது. "அடப் பாவி மனுஷா. நான் கைக்குட்டையால துடைச்சேன், நீங்க மவுஸால துடைச்சீங்களா?" சிரிக்க வந்ததை மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து, பாதியை அவரிடம் தள்ளினாள். கோபம் தீர்ந்ததா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணீர்ப் பிரிவுக்கு முன்னால் பெஞ்சில் ஐந்தாறு பேர், எல்லோர் கையிலும் கைக்குட்டை. பக்கத்தில் இருந்த அம்மாள் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். "எனக்கு வெட்டறதுன்னாலே பயம்மா. ஆனா இங்க தழும்பே விழாதாம். அதோ, படம் ஒட்டியிருக்காங்க பாருங்க. பதினஞ்சே நாள்!"

சுவரில், புருவத்திலிருந்து மூக்கு நுனிவரை, கோடில்லாத வழுவழுப்பான ஒரு முகத்துண்டு. மனைவி அதையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அது நான்தாங்க."

அம்மாள் சுவரைப் பார்த்தார். இவள் மூக்கைப் பார்த்தார். "ஐயையோ" என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டாக்டரம்மா ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தியதும் புரிந்துகொண்டார். மரத்துப்போக ஒரு ஊசி, அரை அங்குலத்துக்குப் பழைய கோட்டின் மேலேயே ஒரு கீறல், சீழ் வடிந்தது. ஸ்டுடியோக்காரர் சுவரோரம் நின்று பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணுக்குப் பின்னாடி பரவியிருக்கும்" என்றார் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே. "நான் போட்ட வழியும் மூடியிருக்கும். இது எப்படி மூணு நாள்ல இவ்வளவு ஆச்சு? செவ்வாய்க்கிழமை படத்துல ஒண்ணுமே இல்லையே."

மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதவிக்கு வரவில்லை.

"படத்துல நான் எடுத்துட்டேன் டாக்டர்" என்றார் அவர். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையை விடக் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா கத்தவில்லை. வெளியே போய்ச் சுவரிலிருந்த படத்தை உரித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "இந்தப் படத்தக் காட்டி மூணு நாள்ல நாலு பேரச் சம்மதிக்க வச்சிருக்கேன். நாலு பேருக்கும் இப்ப நான் போன் பண்ணணும். தழும்பு தெரியும், அந்தப் படம் நிஜம் இல்லைன்னு சொல்லணும். நீங்க இந்த நாற்காலில உட்காருங்க. யாராவது 'ஏன்'னு கேட்டா, உங்ககிட்ட குடுக்கறேன்."

நாலு பேரில் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று தடவையும் அவரே சொன்னார். ஒருவர் திட்டினார். ஒருவர், "என் பொண்டாட்டிய எடுத்த படத்தையும் கொஞ்சம் அப்படிப் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். மூன்றாவது ஆள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அதுதான் அவரை அன்று இரவு முழுக்கக் குடைந்தது.

மூன்று மாதம் ஓடியது. ரப்பர் இழையை எடுத்துவிட்டார்கள். கண் காய்ந்தது, காய்ந்தபடியே இருந்தது. ஆனால் இரண்டாம் முறை கீறிய இடத்தில் தழும்பு தடித்துவிட்டது. முதல் கோடு மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். இது தேட வேண்டாம். எதிர் நடைபாதையிலிருந்தே தெரியும். அதைச் செய்தது யார் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு தடவை முகம் கழுவித் துண்டால் ஒற்றும்போதும் அவருக்குத்தான் அது காதில் விழுந்தது.

மூன்றாம் மாதப் படம். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். பவுடர் போடவில்லை. அவர் விளக்கை நேராக வைத்தார். எடுத்ததும் அவள் எழுந்து வந்து, கணினியிலிருந்து மவுஸை வயரோடு பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப அனுப்புங்க."

"மவுஸ் இல்லாம எப்படி?"

"இருபத்திரண்டு வருஷமா கடை வச்சிருக்கீங்க. கண்டுபிடிங்க."

விசைப்பலகையில் தட்டித் தடவி, கால் மணி நேரம் எடுத்து, தொடாத படத்தை அனுப்பினார். அதற்குள் திரையில் அந்தத் தழும்பை உள்ளங்கையளவு பெரிதாகப் பார்த்தாகிவிட்டது. ஒரு சின்ன வளைவு, நடுவில் ஒரு முடிச்சு, கீழே வெளுப்பு.

கேள்வித்தாள் கடைக்குத் தபாலில் வந்திருந்தது. அவள் வெட்டுப் பலகை மேல் வைத்து நிரப்பினாள். கண்ணீர் நின்றதா? ஆம். தழும்பு உங்களுக்குத் தொந்தரவா? இல்லை. மறுபடி இதே சிகிச்சைக்குச் சம்மதிப்பீர்களா? ஆம். மொத்தத் திருப்தி, பத்துக்கு? பேனா கொஞ்சம் நின்றது. ஒன்பது என்று போட்டாள்.

"ஏன் ஒண்ணு குறைச்ச?"

"அந்த ஒண்ணு ஆஸ்பத்திரிக்காகக் குறைச்சது இல்ல" என்று தாளை அவர் பக்கம் திருப்பினாள். "கடைசிக் கேள்வி. 'தழும்பு குடும்பத்தினருக்குத் தொந்தரவாக உள்ளதா?' இது உங்களுது. நீங்களே போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். 'இல்லை' என்ற கட்டம் பக்கத்திலேயே காலியாக, வெள்ளையாக, வழுவழுப்பாக இருந்தது. ஒரு தட்டு. முடிந்துவிடும். அவளும் சந்தோஷப்படுவாள், டாக்டரம்மாவும் சந்தோஷப்படுவார். கை தானாகவே அங்கே போயிற்று.

நிறுத்தினார். பேனாவை நகர்த்தி 'ஆம்' என்ற கட்டத்தில் அழுத்திப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் தாளை எடுத்து, தூரத்தில் பிடித்து, படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"பரவால்ல" என்றாள். மடியிலிருந்த மவுஸை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். "வாசல்ல ஆள் நிக்குது. கன்னத்துல மரு இருக்கு. எடுக்கணுமா, இருக்கட்டுமான்னு முதல்ல கேளுங்க."